நாற்பத்தோராம் பூச்சு

ஜெபல் நஹ்லா குடைவரைக் கோயிலின் முதுநிலைச் சீரமைப்பாளர் உஸ்தா வஹ்பி துஷ்காவி அவர்கள், அறுபது அகவை நிறைந்து அரசுப் பணியினின்று ஓய்வு பெறும் இந்நன்னாளில், கோயில் முன்றிலில் கூடியுள்ள பணியாளர் அனைவரும் உள்ளம் பொங்கப் படித்தளிக்கும் பாராட்டு மடல்

மலையைக் குடைந்து மாளிகை சமைத்தவர்கள் மறைந்து மூவாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும், அவர்தம் உளியோசையைத் தம் விரல் நுனியில் கேட்டவரே! கல்லுக்கும் காய்ச்சல் வரும், கல்லுக்கும் களைப்பு வரும், கவனிப்பாரின்றிக் கிடந்தால் கல்லும் கரைந்து போகும் என்று கண்டுகொண்டு கண்ணிமை போலக் காத்தவரே! வெளவாலை விரட்டியவரே, வெயிலை வடிகட்டியவரே, வேடிக்கை பார்க்க வருவோரின் விரல்களிடமிருந்து தெய்வங்களின் மூக்குகளை மீட்டவரே! எங்கள் ஆசானே, எங்கள் உஸ்தாவே! தங்களுக்கு எங்கள் ஸலாம்!

இம்மடலை எழுதிப் படிக்கும் பொறுப்பு, சுவர்ச் சிற்பங்களைக் கோடு பிசகாமல் தாளில் வரைவதாகச் சொல்லிக்கொண்டு இருபது ஆண்டுகளாகத் தங்களிடம் திட்டு வாங்கிவரும் படவரைவாளர் சுஆத்துக்குத் தரப்பட்டது. பணியாளர் எல்லாரும் சேர்ந்து இட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: “அலங்காரமா எழுது, நீளமா எழுது, ஆனா அந்தச் சேதியை மட்டும் முதல்லயே கொட்டிடாதே!” ஆகவே, படிக்கும் குரல் நடுங்கினால் அது பிரிவுத் துயரம் என்று எண்ணிவிடாதீர்கள், உஸ்தா. பிரிவுத் துயரமும் இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் எங்கள் அனைவர் வயிற்றுக்குள்ளும் ஆறு நாளாக ஒரு சேதி கிடந்து குதித்துக்கொண்டிருக்கிறது. அதை உரிய இடத்தில்தான் அவிழ்ப்போம். முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமை இயக்குநர் அவர்களும், அவருக்கு அருகே கைவிசிறியோடு அமர்ந்து, “இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?” என்று கண்ணாலேயே கேட்கும் தங்கள் இல்லத்தரசி ஹுக்மா அம்மையாரும் சற்றே பொறுத்தருள்க. செம்பருத்திக் கர்கதே பானம் குளிர்ந்து தயாராக இருக்கிறது.

கைவண்ணச் செல்வரே!

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், இருபத்து நான்கு வயதில், ஒரு துணிப்பையும் ஒரு சாந்துக் கரண்டியுமாய்ப் படகிலிருந்து இந்த ஏரிக்கரையில் இறங்கினீர்கள். உள்ளே எட்டுத் தூண்கள். எட்டிலும் பசுவின் செவியும் பெண்ணின் முகமுமாய்ப் பண்டை எகிப்தின் தெய்வம் ஹத்தோர் அன்னை. தூணெல்லாம் வெடிப்பு, சுவரெல்லாம் பிளவு. அந்நாளில் வெடிப்பு என்றால் சிமெண்ட், பிளவு என்றாலும் சிமெண்ட், தலைவலி என்று சொல்லியிருந்தால் அதற்கும் சிமெண்டையே பூசச் சொல்லியிருப்பார்கள் மேலிடத்தார். அவர்கள் சொன்னதைத் தாங்கள் செய்தீர்கள். செய்ததுதான் செய்தீர்கள், இப்படியா செய்வது! மலையடிவாரத்து மணலைச் சலித்துச் சேர்த்து, ஆற்று வண்டலைக் காயவைத்து இடித்துச் சேர்த்து, நிறம் சரியாகும் வரை தேயிலைத் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, வெடிப்புக்கு ஒரு டின் என்று நாற்பத்தோரு டின்களில் சிமெண்டோடு பொடியாய்க் கலந்து அலமாரியில் அடுக்கினீர்கள். பூசிய பின் எது மலை, எது தங்கள் கை என்று மலைக்கே தெரியாமல் போயிற்று. கடல் கடந்து வந்த பேராசிரியர் ஒருவர், தாங்கள் இரண்டு நாளைக்கு முன் பூசிய ஈரம் காயாத ஒரு தோளின் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பத்து நிமிடம் நின்றாராம். கெய்ரோவிலிருந்து நற்சான்றிதழ் வந்தது, தங்க நிறச் சட்டத்தோடு. அதைத் தாங்கள் பண்டக அறைச் சுவரில் மாட்டினீர்கள்.

மாட்டியதோடு கதை முடிந்திருந்தால் இம்மடலும் இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். நாங்களும் இந்நேரம் சாப்பிடப் போயிருப்போம்.

உண்மைக்கு உறவானவரே!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலையில், இடப்பக்கத்து மூன்றாம் தூணின் ஹத்தோர் முகத்தில், கன்னத்தில் வெள்ளையாய் ஏதோ பூத்திருப்பதைக் கண்டீர்கள். விரலால் தொட்டீர்கள். கன்னம் மாவாய் உதிர்ந்தது. ஏரி நீர் உயர்ந்தால் மலைக்குள் ஈரம் ஏறும். ஈரம் சிமெண்டில் இருக்கும் உப்பைக் கரைத்து மணற்கல்லுக்குள் இழுத்துப் போகும். குளிரில் அந்த உப்பு பூக்கும். பூக்கும்போது கல்லின் தோலை உரித்துக்கொண்டு பூக்கும். இதைத் தாங்கள் எங்களுக்கு நூறு முறை விளக்கியிருக்கிறீர்கள். முதல் முறை விளக்கியபோது தங்கள் முகம் இருந்த இருப்பை நாங்கள் மறக்கவில்லை. “நான்தான்டா பண்ணேன். அந்த அம்மாவுக்கு நோய் நான் கொடுத்தது,” என்று காவலர் ஹசபல்லாஹ்விடம் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் தாங்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த நாள் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினீர்கள்: இக்கோயிலுக்கு நேர்ந்திருக்கும் தீங்கு அடியேன் கையால் நேர்ந்தது, நாற்பத்தோரு பூச்சுகளையும் பெயர்த்தெடுக்க அனுமதி வேண்டும், இத்துடன் நற்சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். இப்படி ஒரு கடிதத்தை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. தம் தவற்றை ஒப்புக்கொள்ளும் ஊழியரை என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை போலும்! அப்போதைய இயக்குநர் தாமே புறப்பட்டு வந்தார். (இப்போது முன்வரிசையில் இருப்பவர் அவரல்லர், கவலை வேண்டாம்.)

“நல்லா இருக்கிறதை எதுக்குய்யா தோண்டுறே?” என்றார் அவர்.

“நல்லா இல்லீங்க. நல்லா இருக்கிற மாதிரி நான் பண்ணி வெச்சிருக்கேன்,” என்றீர்கள் தாங்கள்.

அந்த ஒரு சொல்லால் தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. போனால் போகட்டும் என்று கையைத் தட்டிவிட்டு உளியை எடுத்தீர்களே, அந்த இடத்தில்தான் உஸ்தா, நாங்கள் தங்களுக்கு அடிமையானோம்! அனுமதி வர ஓராண்டு ஆயிற்று. அதற்குள் நாற்பத்தோரு பூச்சும் எங்கெங்கே என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்று சுவர் முன் உட்கார்ந்தீர்கள்.

உட்கார்ந்தவர் உட்கார்ந்தவராகவே இருந்தீர்கள். எதுவும் தெரியவில்லை! கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா, உஸ்தா? திருடன் தான் புதைத்த இடத்தைத் தானே மறந்த கதையாய், பூசியவருக்கே பூச்சு தெரியாத அளவுக்குப் பூசி வைத்திருந்தீர்கள். உலகத்தில் எத்தனையோ கோயில்களில் எத்தனையோ பேர் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்; சொந்த வேலையைத் தேடி நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு அலைந்தவர் தாங்கள் ஒருவரே!

செவியால் தேடியவரே, நாவாலும் தேடியவரே!

விரலை மடக்கித் தட்டினீர்கள். மணற்கல் மெத்தென்று பேசும், சிமெண்ட் சுருக்கென்று பேசும். அப்படிப் பதினேழு அகப்பட்டன. மற்றவை ஆழத்தில் கிடந்தன. தட்டலுக்கு வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், முன்றிலில் ஆடுகள் வந்து வாசற்சுவரின் ஓரிடத்தை மட்டும் விடாமல் நக்குவதைக் கண்டீர்கள். ஹசபல்லாஹ் கோலை எடுத்துக்கொண்டு விரட்ட ஓடினார். “விடுறா, விடுறா! அதுங்க நம்மளவிட நல்ல ஆய்வாளருங்க!” என்று கத்திக்கொண்டு தாங்கள் ஆட்டைக் காப்பாற்ற ஓடினீர்கள். மறுநாள் முதல் தங்கள் நாக்கே தங்கள் கருவி ஆயிற்று. காலையில் எவரும் வருமுன் ஒவ்வொரு தூணாய்ப் போய், நாக்கு நுனியால் தொட்டு, உப்பு இருக்கிறதா என்று பார்த்து, பென்சிலால் தாளில் குறித்தீர்கள்.

ஊர் சும்மா இருக்குமா? துஷ்காவி ஹத்தோருக்குத் தினமும் முத்தம் கொடுக்கிறார் என்று சந்தை வரை சேதி போயிற்று. மூன்றாம் நாள் ஹுக்மா அம்மையார் படகேறி வந்து, நேரே உள்ளே நுழைந்து, தாங்கள் தூணோடு முகம் வைத்து நிற்பதைக் கண்டார். அன்று அவர் சொன்னதை இம்மடலில் சேர்க்க அவரிடமே ஒப்புதல் பெற்றிருக்கிறோம்.

“இருபது வருஷமா என் சமையல்ல உப்பு பத்தலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்ச ஆளு, இங்க வந்து கல்லை நக்கிட்டு நிக்கிறீரே!”

“ஹுக்மா, கோவப்படாதே. இங்க உப்பு ஜாஸ்தி. அதான் பிரச்சினையே.”

“அதை எனக்கென்ன சொல்றீரு? ஊர்ல போய்ச் சொல்லும்! பக்கத்து வீட்டுக்காரி என்னை ஆறுதல் சொல்லிக் கட்டிப் பிடிக்கிறா!”

அம்மையார் அன்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். ஆனால் மறுநாள் காலை, வாய் கொப்பளிக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஒரு குடுவையில் வந்து சேர்ந்தது. அதன் பின் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. ஹுக்மா அம்மையாரே, தங்களுக்கும் இந்த முன்றிலில் ஒரு பாராட்டு மடல் கடன்பட்டிருக்கிறோம்.

பத்தாண்டுகள்! ஒரு பூச்சை எடுக்க இரண்டு மாதம், மூன்று மாதம். பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற சிறு ஊசி உளியால், அரிசி அரிசியாய்க் கொத்தி, கல்லில் ஒரு மணற்பொடிகூட உதிராமல் சிமெண்டை மட்டும் வெளியே எடுத்து, அவ்விடத்தில் கல்லோடு சேர்ந்து மூச்சு விடும் சுண்ணாம்புச் சாந்தை வைத்தீர்கள். தாங்கள் புதிதாய் வைத்த சாந்தின் நிறத்தை வேண்டுமென்றே ஒரு சாயல் மாற்றி வைத்தீர்கள், நாளை வருகிறவர் பார்த்ததும் தெரிந்துகொள்ளட்டும் என்று. ஒரு முறை ஏமாற்றியது போதும் என்று தாங்கள் முணுமுணுத்ததை ஏணியைப் பிடித்திருந்த எங்களில் சிலர் கேட்டோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பதாம் பூச்சு வெளியே வந்த நாளில் தாங்களே எல்லாருக்கும் பாஸ்பூசா இனிப்பு வாங்கித் தந்தீர்கள்.

ஆனால் டின்கள் நாற்பத்தொன்று. பண்டக அறை நாட்குறிப்பில் தங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: நாற்பத்தோரு டின்னும் தீர்ந்தது. கடைசி ஒன்றை எங்கே பூசினோம் என்று தங்களுக்கு நினைவே வரவில்லை. அது எங்கோ அருகில்தான் இருந்தது. ஏனென்றால் மூன்றாம் தூணின் கன்னம் மட்டும் குளிர்காலந்தோறும் பூத்துக்கொண்டே இருந்தது. போன ஆண்டு கன்னத்து எலும்பு வரை வந்தது. இந்த ஆண்டு இடக்கண்ணின் கீழிமையில் ஒரு வெள்ளைப் புள்ளி. “இன்னும் ரெண்டு குளிர்காலம். அப்புறம் அந்தம்மாவுக்கு முகம்னு ஒண்ணு இருக்காது,” என்றீர்கள். கன்னத்தைத் தட்டினீர்கள், கழுத்தைத் தட்டினீர்கள், கூந்தலின் ஒவ்வொரு சுருளையும் நாவால் தொட்டீர்கள். அந்தப் பசுச்செவியை மட்டும் தாங்களும் தட்டவில்லை, எங்களையும் தட்ட விடவில்லை. “காதுல யாரும் கை வைக்கக் கூடாது! இலை மாதிரி மெல்லிசு அது, கை பட்டா உடைஞ்சுரும்,” என்று கயிறு கட்டி வைத்தீர்கள். ஆறு மாதம் பணி நீட்டிப்புக் கேட்டு எழுதினீர்கள். அறுபது என்றால் அறுபதுதான் என்று பதில் வந்தது.

போன மாதம் ஒரு மதியம், அந்தத் தூணின் முன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாசலில் நின்ற தங்கள் முப்பத்தாறு ஆண்டு நண்பர் ஹசபல்லாஹ்விடம் சொன்னீர்கள்: “ஒண்ணை மிச்சம் வெச்சுட்டுப் போறேன்டா. நாற்பதை எடுத்து என்ன பிரயோஜனம்? அந்த ஒண்ணு போதும் அவளைத் தின்னு தீர்க்க.” அவர் திரும்பி வெளியே போய்விட்டார். நண்பனைப் பிரியும் ஏக்கம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

உஸ்தா, இப்போது நாற்காலியின் கைப்பிடியைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாளைக்கு முன், இம்மடலில் எழுத ஆளுக்கொரு சேதி கேட்டுக்கொண்டு சுஆத் எல்லாரிடமும் போனாள். வாசலில் ஹசபல்லாஹ் உட்கார்ந்திருந்தார்.

“அவரைப் பத்தி ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க. யாருக்கும் தெரியாததா இருக்கணும்,” என்றாள்.

அவர் கோலைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “மகளே, அந்தக் கடைசிப் பூச்சு அவரோடது இல்ல.”

“அப்ப யாரோடது?”

“என்னோடது.”

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே கீழே தருகிறோம். அலங்காரம் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

“நான் காவலுக்கு வந்து ஒம்பதாவது நாளு. வெள்ளிக்கிழமை. எல்லாரும் தொழுகைக்குப் போய் அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. ஏணியை உள்ள கொண்டுபோய் வைடான்னு சொல்லியிருந்தாங்க. தூக்கிட்டுப் போய்த் திரும்பினேன் பாரு, ஏணி முனை டங்குனு இடிச்சிருச்சு. அந்தம்மா காது மூணு துண்டா என் காலடியில கிடக்கு! எடுத்து ஒட்டலாம்னா கோடு தெரியும், வேலை போகும், ஜெயிலுக்கும் போகணும். எங்கப்பா மண் பானை செய்யறவரு. ஆத்து வண்டலைப் பிசைஞ்சு மூணு துண்டையும் சேத்து வெச்சு அழுத்தி அச்செடுத்தேன். அலமாரியில அவரு கலந்து வெச்ச பொடி டின்னு ஒண்ணு மிச்சமிருந்துச்சு. அதைக் கரைச்சு அச்சுல ஊத்தி, சாயங்காலம் வரைக்கும் காய வெச்சு, கொண்டுபோய் அதே இடத்துல ஒட்ட வெச்சேன். மிச்சக் கலவையைக் காதுக்குப் பின்னால இருந்த வெடிப்புலயே ஊத்தி மூடிட்டேன்.”

“அவர் கண்டுபிடிக்கலையா?”

“அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே! சனிக்கிழமை காலைல வந்தாரு. நேரா அந்தத் தூணு முன்னால வந்து நின்னாரு. ‘ஹசபல்லாஹ், இந்தக் காதைப் பாருடா! இதைச் செதுக்குன கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா!’ன்னாரு. அப்புறம் நான் எப்படிம்மா வாயைத் திறக்கிறது?”

“அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே, மாமா? முப்பத்தாறு வருஷம்!”

“எப்போ சொல்றது? முதல்ல வேலை போயிரும்னு பயம். அப்புறம் ஒண்ணா உக்காந்து ஒரே தட்டுல சாப்பிட ஆரம்பிச்சோம். சிநேகம் போயிரும்னு பயம். வர்றவங்க எல்லாருக்கும் அவரு அந்தக் காதைத்தான் முதல்ல காட்டுறாரு. நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு நாளும், மகளே! ஆனா அன்னைக்கு ‘ஒண்ணை மிச்சம் வெச்சுட்டுப் போறேன்’னு சொல்லி அவரு அழுதாரு பாரு, அதை நான் பாத்துட்டேன். என் தப்பைத் தன் தப்புன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போறாரே அந்த மனுஷன்! அதுக்கு மேல என்னால முடியலை.”

பொங்கி எழப் போகிறீர்களா, உஸ்தா? உட்காருங்கள், உட்காருங்கள்! இன்னும் இருக்கிறது!

அன்றே தலைமை இயக்குநரிடம் ஓடினோம். அவர் ஒரு மணி நேரத்தில் எழுத்தில் அனுமதி தந்தார். இம்முறை எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. தங்களை நான்கு நாள் அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. ஓய்வூதியத் தாளில் ஒரு முத்திரை விட்டுப்போயிற்று என்று சொல்லி அஸ்வானுக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தான். அங்கே தங்களை மேசை மேசையாய் அலையவிட்டு, “நாளைக்கு வாங்க, உஸ்தா” என்று நான்கு நாளும் சொன்ன எழுத்தர், சுஆத்தின் கணவருடைய தம்பி. அவருக்காகவும் மன்னிப்புக் கோருகிறோம். இன்று காலையிலிருந்து மூன்று முறை உள்ளே போக எழுந்தீர்கள். மூன்று முறையும் எங்களில் ஒருவர் தங்கள் கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்து உட்கார வைத்தார். இவ்வளவு பழம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

நான்கு நாள், உஸ்தா! தாங்கள் கற்றுத் தந்தபடியே, அரிசி அரிசியாய், இரவு பகலாய் ஆள் மாற்றி. தங்கள் ஊசி உளிகளைத் தங்களைக் கேட்காமல் எடுத்தோம். காது முதல் நாள் மாலையே வந்துவிட்டது. அதன் பின்னே வெடிப்புக்குள் ஊற்றியிருந்ததுதான் மூன்று நாள் பிடித்தது; வெறுமனே ஊற்றியதாதலால் அது தங்கள் பூச்சைப் போலக் கல்லைக் கவ்வியிருக்கவில்லை, இல்லையேல் மாதக்கணக்காகியிருக்கும். ஒருவர் கொத்த, ஒருவர் ஊதித் துடைக்க, விளக்கைப் பிடிக்கும் வேலையை ஹசபல்லாஹ் வேறு எவருக்கும் விடவில்லை. கடைசிக் கட்டி நேற்று மதியம் வெளியே வந்தது, ஒரு ரொட்டி அளவுக்கு. அது வந்ததும் உள்ளே விளக்கடித்துப் பார்த்த நாங்கள் போட்ட கூச்சலில், கூரையில் மிச்சமிருந்த வெளவாலெல்லாம் பறந்து போயிற்று. அந்த வெடிப்பு காதுக்குப் பின்னே தொடங்கி, கன்னத்தின் அடியில் ஓடி, கீழிமையின் அருகே போய் முடிகிறது. உப்பு நடந்து வந்த வழி அதுவே! நாற்பத்தொன்று, உஸ்தா! நாற்பத்தொன்றும் வெளியே! உப்பை உறிஞ்சும் ஈரத் தாள்கூழை ஒற்றி ஒற்றி எடுத்து வழியைக் கழுவத் தொடங்கிவிட்டோம். கன்னம் இனி உதிராது. கண் பிழைத்துவிட்டது. முகம் பிழைத்துவிட்டது!

தாங்கள் அழுதால் அழுங்கள். நாங்கள் நேற்றே அழுது முடித்துவிட்டோம்.

ஈரநெஞ்சினரே!

கடைசி வரிசைக்கும் பின்னால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, முன்னே வர அஞ்சி ஒருவர் நிற்கிறார். கையில் ஹலாவா டின் ஒன்று இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகளாய் அவர் வீட்டில் உடுப்புப் பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடந்த டின் அது. மனைவிக்குக்கூடத் திறந்து காட்டியதில்லையாம். அதற்குள் மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஹத்தோர் அன்னையின் சொந்தச் செவி, உஸ்தா! சிமெண்ட் அல்ல, அச்சு அல்ல, மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஓர் உளி தொட்ட கல். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டோம். ஒரு பொடி குறையவில்லை. தாங்கள் தங்கக் காப்புப் போட வேண்டும் என்று சொன்ன கை உண்மையில் இருந்தது. அந்தக் கையின் வேலைதான் இது.

இந்த டின்னை எங்கள் எவரிடமும் தர அவர் மறுத்துவிட்டார். “அவரு கையில குடுக்கிறேன். அதுக்கப்புறம் அவரு என்ன சொன்னாலும் வாங்கிக்கிறேன்,” என்கிறார். அவரைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். தங்கள் திட்டுக்கு நாங்கள் எல்லாரும் பழகியவர்கள், அவரும் பழகியவர்தான். திட்டி முடித்ததும் டின்னை வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்ததைச் சொல்லிப் பெருமை கொள்வோர் ஆயிரம். செய்ததைச் சொல்லித் தலைகுனிந்து, குனிந்த தலையோடு பத்தாண்டு உழைத்து அதைத் திருத்தியவர் தாங்கள். அந்தத் துணிவைக் கண்டதால்தான் ஒரு காவலருக்கு முப்பத்தாறு ஆண்டு கழித்தேனும் வாய் திறக்கத் துணிவு வந்தது. அந்தத் துணிவால்தான் ஒரு முகம் பிழைத்தது. தங்களிடம் நாங்கள் கற்றது இதுதான். வேறு பட்டியல் போட எங்களுக்குத் தெரியவில்லை. முழங்கால் வலி தங்களை விட்டு ஓடட்டும். மூச்சில் கல்தூசி அடங்கட்டும். நூறு பேரீச்சை அறுவடையை ஹுக்மா அம்மையாரோடு கண்டு, கண்ணொளி குன்றாது, கைநடுக்கம் காணாது, நோயின்றி நொடியின்றி நெடுங்காலம் தாங்கள் வாழ அல்லாஹ் அருள்புரியட்டும்! ஆமீன் என்று சொல்வோர் உரக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஓர் அரசாணையை எல்லாருக்கும் நினைவூட்டுகிறோம். தங்கள் பணி இன்று மாலை ஐந்து மணிக்குத்தான் முடிகிறது. இப்போது மணி இரண்டரை. மூன்றாம் தூணில் ஏணி சாத்தியிருக்கிறது. அதை இடிக்காமல் பிடித்துக்கொள்ள இருவர் நிற்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்து ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறோம். ஒரு சாயல் மாற்றித்தான் குழைத்திருக்கிறோம். மூன்று துண்டையும் அதன் இடத்தில் வைக்க எங்களில் எவரும் கை நீட்டவில்லை, நீட்டவும் மாட்டோம். மாலைகளைக் கழற்றி அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வாருங்கள், உஸ்தா. வேலை இருக்கிறது.

இங்ஙனம்,
தங்களோடு உள்ளே வரக் காத்து நிற்கும்
ஜெபல் நஹ்லா குடைவரைக் கோயில் பணியாளர்கள்
(கடைசிக் கையெழுத்து, கைநாட்டாக: காவலர் ஹசபல்லாஹ்)